நோவு ஒன்றும் இல்லை – ஹேர்பிஸுக்கு இரத்தம் சோதிக்க வேண்டுமா?

சுகாதாரப் பாடம்



இம்முறை பாடத்துக்கு எடுத்துக்கொண்ட விடயம் லயத்து வாசலில் உட்கார்ந்து சத்தமாகக் கதைக்கிற விடயம் அல்ல. பிள்ளைக்காம்பராவில் தாய்மார் கூட்டம் முடிந்து, எல்லோரும் எழுந்து போன பிறகு, கதவடியில் நின்று மெதுவாகக் கேட்கப்படும் கேள்வி இது. "மிஸ்ஸி, எனக்கு ஒன்னும் இல்ல. ஆனா அவருக்கு அந்த எடத்துல கொப்புளம் வந்து போயிருக்கு. டவுன்ல லேப்ல ரத்தம் குடுத்தா தெரியுமாமே, குடுக்கவா?"

நியாயமான கேள்வி. இதற்கு ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. இரத்தம் கொடுப்பது ஐந்து நிமிட வேலை. அதன் பிறகு கைக்கு வரும் கடதாசிதான் பல வருடம் வீட்டில் இருக்கப் போகிறது. ஆகவே கொடுப்பதற்கு முன்பே கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

ஹேர்பிஸ் என்பது என்ன?

ஹேர்பிஸ் ஒரு வைரஸ் கிருமி. இதில் இரண்டு வகை உண்டு. முதலாம் வகை பெரும்பாலும் உதட்டிலும் வாயைச் சுற்றியும் கொப்புளம் போடும். காய்ச்சலோடு உதட்டோரத்தில் வருமே, "சூட்டுக் கொப்புளம்" என்றும், "ராத்திரி ஏதோ பூச்சி ஊர்ந்திருச்சி" என்றும் சொல்லி விட்டுவிடுவோமே, அநேகமாக அதுதான். இது சின்ன வயதிலேயே, பெரியவர்கள் முத்தம் கொடுக்கும்போது, எச்சில் மூலம் தொற்றிவிடும். இரண்டாம் வகை உடலுறவு மூலம் தொற்றுவது. அது பிறப்புறுப்பிலும், தொடை இடுக்கிலும், பின்புறத்திலும் கொப்புளம் போடும். முதலாம் வகையும் வாய் வழி உறவினால் கீழே தொற்றக்கூடும்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2020ஆம் ஆண்டுக்குச் செய்த மதிப்பீட்டின்படி, உலகத்தில் 50 வயதுக்குக் குறைந்தவர்களில் 3 பேரில் ஏறக்குறைய 2 பேருக்கு முதலாம் வகை இருக்கிறது. 15 முதல் 49 வயது வரையானவர்களில் 100க்கு 13 பேர் அளவில் இரண்டாம் வகை இருக்கிறது. இவர்களில் பெரும்பாலானோருக்குத் தங்களிடம் அது இருப்பதே தெரியாது. கூடாத நடத்தை உள்ளவர்களுக்கு மட்டும் வரும் நோய் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை இன்னொரு தடவை வாசிக்கவும்.

இன்னும் ஒரு விடயம். நம் ஆட்கள் "அக்கி" என்று சொல்லி, காவி கரைத்து எழுதுவார்களே, உடம்பின் ஒரு பக்கத்தில் வரிசையாக எரிச்சலோடு கொப்புளம் கிளம்புவது, அது வேறு. அது கொப்புளிப்பான் என்கிற சின்னம்மை போட்ட கிருமி, பல வருடம் உடம்பில் கிடந்து திரும்ப வெளியே வருவது. அதற்கும் உடலுறவுக்கும் சம்பந்தம் கிடையாது. டொக்டர்மார் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பெயரை வைத்திருப்பதால், "ஹேர்பிஸ்" என்று துண்டில் எழுதியதைப் பார்த்து வீட்டில் சண்டை வந்த கதைகள் உண்டு. எந்த ஹேர்பிஸ் என்று முதலில் கேளுங்கள்.

தூர் மண்ணுக்குள் இருக்கிறது

கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்திருப்பீர்கள். மேலே ஒரு இலை கிடையாது. செடி செத்துப்போன மாதிரி நிற்கும். ஆனால் தூர் உயிரோடு இருக்கிறது; காலம் வந்தால் துளிர் விடும். ஹேர்பிஸும் அப்படியே. கொப்புளம் காய்ந்து, தோல் ஆறி, அடையாளமே இல்லாமல் போய்விடும். கிருமி மட்டும் நரம்பின் வேரில் போய்ப் படுத்துக்கொள்ளும். கீழே வருவது முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலும், உதட்டில் வருவது முகத்து நரம்பின் வேரிலும் தங்கும். உடம்பு களைத்தால், காய்ச்சல் வந்தால், மாதவிலக்கு நேரத்தில், மனக்கவலையில், சிலருக்கு ஒரு காரணமும் இல்லாமல் திரும்ப வெளியே வரும்.

முதல் தடவை வருவது கடுமையாக இருக்கலாம். கிருமி தொற்றி 2 முதல் 12 நாளுக்குள் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் கூட்டமாக வரும், உடைந்து புண்ணாகும், சிறுநீர் போனால் நெருப்புப் பட்ட மாதிரி எரியும், இடுப்பு மடிப்பில் நெறி கட்டும், காய்ச்சலும் வரும். ஆற 2 முதல் 4 கிழமை எடுக்கும். பிறகு வருவதெல்லாம் இலேசாக, சில நாளில் போய்விடும். வருடம் போகப் போக வருவதும் குறையும்.

ஆனால் எல்லோருக்கும் இப்படி வருவதில்லை. அதிலும் மலையில் வேலை செய்யும் பெண்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஈரப் படங்கு நாள் முழுக்க இடுப்பில் உரசுகிறது. மழைக்காலத்தில் தொடை இடுக்கு வெந்து போகிறது. அட்டை கடித்த இடம் சொறிந்து புண்ணாகிறது. இவ்வளவுக்கும் நடுவில் நாலு நாள் இருந்து போன ஒரு சின்ன வெடிப்பை யார் கணக்கில் எடுப்பார்கள்? ஆகவே "எனக்கு ஒரு அறிகுறியும் இல்லை" என்று நாம் சொல்வதில் பாதி, "இருந்திருக்கலாம், நான் கவனிக்கவில்லை" என்பதுதான். இரத்தப் பரிசோதனையைப் பற்றி யோசிப்பதற்கு முன் இதை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். ஒரே இடத்தில், அடிக்கடி, எரிச்சலோடு வந்து வந்து போகிற புண் இருந்தால் அது அறிகுறி. அப்போது செய்ய வேண்டியது வேறு; அதைப் பிறகு சொல்கிறேன்.

சோதனை செய்வதா இல்லையா என்று எப்படித் தீர்மானிப்பது?

சுகமாக இருக்கும் ஆளை எந்த நோய்க்குச் சோதிக்கலாம், எதற்குச் சோதிக்கக்கூடாது என்று 1968ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார ஸ்தாபனத்துக்காக வில்சன், யுங்னர் என்ற இருவர் ஒரு புத்தகம் எழுதினார்கள். அதில் இருக்கும் விதிகளை நம் பேச்சில் சுருக்கிச் சொன்னால் மூன்று கேள்விகள் வரும். நோய் சத்தம் போடாமல் இருந்தே ஆளைக் கெடுக்குமா? சோதனை சொல்வதை நம்பலாமா? தெரிந்த பிறகு செய்வதற்கு ஏதாவது இருக்கிறதா?

முதலில் சிபிலிஸ் நோயை எடுங்கள். புண் வலிக்காமல் வந்து தானாக மறைந்துவிடும். ஆனால் நோய் மறையாது. உள்ளே இருந்து வருடக் கணக்கில் மூளையையும் இருதயத்தையும் கெடுக்கும். கர்ப்பிணிக்கு இருந்தால் கரு கலையலாம், பிள்ளை வயிற்றிலேயே இறக்கலாம். இரத்தச் சோதனையும், அதை உறுதிப்படுத்தும் இரண்டாம் சோதனையும் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். பெனிசிலின் ஊசி போட்டால் குணமாகும். மூன்று கேள்விக்கும் ஆம். ஆகவேதான் வயிற்றில் பிள்ளை தங்கியவுடன் கிளினிக்கில் ஒவ்வொரு தாயிடமும் இரத்தம் எடுக்கிறார்கள். எச்.ஐ.வி. கிருமிக்கும் இதே பதில்தான். அதைக் குணமாக்க மருந்து இல்லை. ஆனால் அடக்கி வைக்க நல்ல மருந்து இருக்கிறது, தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகாமல் தடுக்கலாம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் போவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது. அந்தச் சான்றிதழில் மலைநாட்டுத் தாய்மார் நீட்டிய கைகளுக்கும் பங்கு இருக்கிறது.

இப்போது ஹேர்பிஸ். சத்தம் போடாமல் இருக்கும் ஹேர்பிஸ், வைத்திருக்கும் ஆளை உள்ளே கெடுப்பது மிகவும் அரிது. கர்ப்பப்பை வாசல் புற்றுநோய் இதனால் வருவதில்லை, அது எச்.பி.வி. என்ற வேறு கிருமியின் வேலை. இரண்டாம் வகை ஹேர்பிஸ் உள்ளவருக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு கூடுகிறது என்பது மட்டும் கவனிக்க வேண்டிய விடயம். மருந்து? அசைக்ளோவிர் என்ற மாத்திரை உண்டு. கொப்புளத்தைச் சீக்கிரம் ஆற்றும், திரும்ப வருவதைக் குறைக்கும். நரம்பு வேரில் இருக்கும் கிருமியை அது கொல்லாது. ஆகவே அறிகுறியே இல்லாத ஆளுக்கு "இருக்கிறது" என்று தெரிந்தால், குணப்படுத்த ஒரு ஊசி கிடையாது.

தராசு சரியா?

நடுவில் உள்ள கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் லேப்பில் இதை யாரும் சொல்வதில்லை.

கொழுந்து நிறுக்கும் தராசு பிழையாக இருந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹேர்பிஸுக்கு எடுக்கும் இரத்தச் சோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு தயார் செய்த எதிர்ப்புப் பொருளைத்தான் தேடுகிறது. அந்தத் தராசு சில நேரம் இல்லாததையும் இருப்பதாகக் காட்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஓர் இடத்தில் 100 பேர். அவர்களில் 15 பேருக்கு உண்மையாகவே இரண்டாம் வகை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோதனை அந்த 15 பேரையும் ஏறக்குறையப் பிடித்துவிடும். அதில் பிழை இல்லை. மிச்சம் 85 பேருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பரவலாகப் பாவிக்கப்படும் சோதனை, ஒன்றும் இல்லாத 100 பேரில் 19 பேர் அளவுக்கு "இருக்கிறது" என்று சொல்லிவிடக்கூடும். அப்படியானால் 85 பேரில் 16 பேருக்குப் பொய்யான பொசிட்டிவ் வரும். மொத்தம் 31 பேர் கையில் பொசிட்டிவ் கடதாசி. அதில் பாதிப் பேருக்கு நோயே இல்லை! நோய் குறைவாக உள்ள இடத்தில் இன்னும் மோசம். 100 பேரில் 5 பேருக்குத்தான் இருக்கிறது என்றால், உண்மை 5, பொய் 18.

இப்படிப்பட்ட கணக்கைப் பார்த்துத்தான், அமெரிக்காவில் நோய்த்தடுப்புச் சேவைகளுக்கான நிபுணர் குழு 2016இலும், திரும்ப ஆராய்ந்து 2023இலும், அறிகுறி இல்லாத பெரியவர்களுக்கும் இளைஞர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஹேர்பிஸுக்காக வழமையாக இரத்தம் சோதிக்க வேண்டாம் என்று சொன்னது. காசும் லேப்பும் குறைவில்லாத நாட்டிலேயே அப்படிச் சொல்கிறார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதையாகிவிடக்கூடாது அல்லவா? அதுவும் எத்தனையோ நாள் பேர் விழுந்த காசைக் கொடுத்து.

கடதாசி சொல்லாத விடயம்

ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்வோம். அவர் கொழும்பில் கடையில் வேலை. மாதம் ஒரு தடவை வீட்டுக்கு வருவார். அவள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். யாரோ சொன்னார்கள் என்று டவுனில் "எல்லாம் பார்க்கிற" சோதனை ஒன்றை எடுக்கிறாள். ஹேர்பிஸ் பொசிட்டிவ் என்று வருகிறது.

"நீ எவன்கிட்ட போன?" என்பது அவர் கேள்வி. "நீங்க கொழும்புல என்ன செஞ்சீங்க?" என்பது இவள் கேள்வி. மாமியார் நடுவில். பக்கத்துக் காம்பராவுக்கு மரப்பலகைச் சுவர்தான். அடுத்த நாள் காலையில் பெரட்டுக்களத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அந்தக் கடதாசியில் உண்மையாக என்ன இருக்கிறது? முதலாம் வகையாக இருந்தால், ஐந்து வயதில் அவளுடைய பாட்டி கொடுத்த முத்தத்தில் வந்திருக்கலாம். இரண்டாம் வகையாக இருந்தாலும் எப்போது தொற்றியது, யார் யாருக்குக் கொடுத்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. கலியாணத்துக்கு முன்பே ஒருவரிடம் இருந்து, பத்து வருடம் சத்தமில்லாமல் கிடந்து, இப்போது முதல் தடவையாகக் கொப்புளம் போடவும் கூடும். கொப்புளம் இல்லாத நாளிலும் தோலில் இருந்து கிருமி கசிந்து தொற்றும். ஆகவே கொடுத்தவருக்கே கொடுத்தது தெரியாது. இதற்கு மேல், மேலே போட்ட கணக்கின்படி, கடதாசியே பொய்யாக இருக்கலாம். இதை வைத்துக்கொண்டு மனைவி மேல் கை நீட்டுகிற ஆம்பிளை, நோயைப் பற்றி ஒன்றும் தெரியாமல் கை நீட்டுகிறார் என்றுதான் நான் சொல்வேன்.

இந்தச் செய்தியை வீட்டில் சொன்னால் அடி விழும் என்று பயப்படும் சகோதரிகள், சொல்வதற்கு முன் மிஸ்ஸியிடம் அல்லது டொக்டரிடம் அந்தப் பயத்தையும் சொல்லுங்கள். பல அரசாங்க ஆஸ்பத்திரிகளில் "மித்துரு பியச" என்ற நட்பு நிலையம் இருக்கிறது. வீட்டில் அடி உதைபடும் பெண்களுக்கு உதவுவதே அங்கே உள்ளவர்களின் வேலை. பெண்களுக்கான 1938 என்ற அரசாங்க உதவி இலக்கத்துக்கும் போன் எடுக்கலாம்.

அப்படியானால் யார் சோதிக்கலாம்?

ஒருவருக்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சிலருக்கு அந்தப் பதில் உண்மையிலேயே உதவும்.

முதலாவது, புண் இருக்கிறவர். இவருக்கு இரத்தம் வேண்டாம், புண்ணையே காட்ட வேண்டும். கொப்புளம் புதிதாக இருக்கும்போது, முடிந்தால் இரண்டு நாளுக்குள், டொக்டரிடம் போனால் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார். தேவையென்றால் புண்ணில் இருந்து பஞ்சினால் ஒற்றி எடுத்துச் சோதிப்பார்கள். இது இரத்தச் சோதனையைவிட நம்பக்கூடியது. "கூச்சமா இருக்கு, ஆறட்டும், பொறகு போவோம்" என்றால் ஆறிய பிறகு காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிக்கொண்டு போனாலும் பார்ப்பது கஷ்டம்.

இரண்டாவது, கணவன் மனைவியில் ஒருவருக்கு ஹேர்பிஸ் இருப்பது டொக்டர் சொல்லி நிச்சயமாகத் தெரியும். மற்றவருக்கு ஒன்றும் வரவில்லை. பாடத்தின் தொடக்கத்தில் கதவடியில் கேட்ட கேள்வி இதுதான். இவர்களுக்குச் சோதனையில் அர்த்தம் உண்டு. மற்றவருக்கும் ஏற்கெனவே இருந்தால், இனிக் காப்பாற்ற வேண்டும் என்ற கவலை குறையும். இல்லையென்றால், தொற்றாமல் காப்பாற்ற வழி தேடலாம். கொப்புளம் இருக்கும் நாட்களிலும், வரப்போகிறது என்று காட்டும் ஊறல், எரிச்சல் தொடங்கிய உடனும் சேரக்கூடாது. மற்ற நாட்களில் ஆணுறை பாவித்தால் ஆபத்து குறையும், முழுக்க இல்லாமல் போகாது. நோயுள்ளவர் டொக்டர் சொன்னபடி தினமும் மாத்திரை எடுத்தாலும் மற்றவருக்குத் தொற்றுவது ஏறக்குறையப் பாதியாகக் குறையும்.

இப்படிச் சோதிக்கத் தீர்மானித்தால் சில விடயங்களைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு வகையையும் பிரித்துக் காட்டும் ஐ.ஜி.ஜி. சோதனையாக இருக்க வேண்டும். ஐ.ஜி.எம். என்று ஒன்று எடுப்பார்கள். ஹேர்பிஸுக்கு அது உதவாது, காசைக் கொடுக்காதீர்கள். தொற்றியிருக்கலாம் என்று நினைக்கும் நாளில் இருந்து 12 கிழமைக்கு முன் எடுத்தால், நோய் இருந்தும் "இல்லை" என்று வரலாம். ரிப்போர்ட்டில் பொசிட்டிவ் என்ற சொல்லை மட்டும் பார்க்காமல் பக்கத்தில் உள்ள இலக்கத்தையும் டொக்டரிடம் காட்டுங்கள். பல லேப்களில் 1.1க்கு மேல் என்றாலே பொசிட்டிவ் என்று அச்சடித்து வரும். 3க்குக் கீழே இருந்தால் பொய்யாக இருக்கும் வாய்ப்பு அதிகம். வேறு முறையில் இன்னொரு சோதனை செய்யாமல் அதை நம்பி ஒரு முடிவும் எடுக்கக்கூடாது.

வெளிநாடு போவதற்கு மெடிக்கல் எடுத்து "எல்லாம் கிளியர்" என்று வந்தவர்கள், அதில் ஹேர்பிஸும் பார்த்திருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். எச்.ஐ.வி., சிபிலிஸ், ஈரல் அழற்சிக் கிருமிகளைத்தான் அங்கே பார்க்கிறார்கள்.

வயிற்றில் பிள்ளை இருந்தால்

தாய்மார் இந்தப் பகுதியைக் கவனமாக வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பிறக்கும் பிள்ளைக்கு ஹேர்பிஸ் தொற்றுவது அரிது. தொற்றினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் எந்தத் தாய்க்கு ஆபத்து என்பதில் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். பல வருடமாக ஹேர்பிஸ் வந்து வந்து போகும் தாய் பயந்து அழுகிறாள். அவளுடைய இரத்தத்தில் ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. அது பிள்ளைக்கும் போகிறது. அவளுடைய பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு 100க்கு 1க்கும் குறைவு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் முதல் தடவையாகக் கிருமி தொற்றும் தாய்க்குத்தான் ஆபத்து அதிகம். அந்தப் பிள்ளைகளில் 100க்கு 30 முதல் 50 பேர் வரை தொற்றக்கூடும்.

ஆகவே கணவனுக்கு ஹேர்பிஸ் இருந்து, மனைவிக்கு ஒரு தடவையும் வரவில்லை என்றால், கடைசி மூன்று மாதமும் உறவை நிறுத்தி வைப்பதே நல்லது. உதட்டில் கொப்புளம் உள்ளவர் வாய் வழி உறவும் வைக்கக்கூடாது. மூன்று மாதம் ஒன்றும் பெரிய காலம் அல்ல. ஒரு கவ்வாத்து மலை துளிர்த்துக் கொழுந்து எடுக்க அதைவிடக் கூட நாள் காத்திருக்கிறோம்!

தனக்கோ கணவனுக்கோ எப்போதாவது அந்த இடத்தில் கொப்புளம் வந்திருந்தால் கிளினிக்கில் டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். அடிக்கடி வரும் தாய்க்கு 36ஆவது கிழமையில் இருந்து மாத்திரை கொடுப்பார்கள். வலி தொடங்கும் நேரத்தில் புண் இருந்தால் சத்திரசிகிச்சை செய்து பிள்ளையை எடுப்பார்கள். இதற்கெல்லாம் இரத்தச் சோதனை தேவையில்லை. நீங்கள் வாய் திறந்து சொல்வதுதான் தேவை.

பிள்ளை பிறந்த வீட்டுக்கு வருகிறவர்கள், உதட்டில் கொப்புளம் இருந்தால் பிள்ளையைக் கொஞ்ச வேண்டாம். தாத்தாவாக இருந்தாலும் சரி. தாய்க்கு ஹேர்பிஸ் இருந்தாலும், மார்பில் புண் இல்லாத வரை பால் கொடுக்கலாம். பிறந்து நாலு கிழமைக்குள் பிள்ளை பால் குடிக்காமல், துவண்டு, காய்ச்சலாகவோ, உடம்பில் நீர்க்கொப்புளத்தோடோ, வலிப்போடோ இருந்தால் தோட்டத்து டிஸ்பென்சரியில் தாமதிக்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பீலியையும் கக்கூசையும் பற்றி

ஹேர்பிஸ் உள்ளவர் குளித்த பீலியில் குளித்தால், போன கக்கூசுக்குப் போனால், துவைத்த கல்லில் துவைத்தால் தொற்றுமா? தொற்றாது. கிருமி உடம்புக்கு வெளியே அதிக நேரம் தாக்குப் பிடிப்பதில்லை. தோலோடு தோல் படும்போதுதான் தொற்றும். பத்துக் குடும்பத்துக்கு ஒரு பீலி இருக்கும் லயத்தில், இந்தப் பயத்தினால் ஒரு பெண்ணைத் தண்ணீர் எடுக்கவிடாமல் தள்ளி வைத்தால் அது பெரிய பாவம்.

எங்கே போவது?

அறிகுறி இல்லாமல் மனதில் சந்தேகம் மட்டும் இருக்கிறவர்கள் ஹேர்பிஸ் சோதனைக்காகத் தனியார் லேப்புக்கு ஓட வேண்டாம். அதற்காகச் சும்மா இருங்கள் என்றும் சொல்லவில்லை. அந்தச் சந்தேகம் எதனால் வந்ததோ, அதே காரணத்தினால் சிபிலிஸும் எச்.ஐ.வி.யும் வந்திருக்கலாம். அவற்றைப் பார்த்தே ஆக வேண்டும், நோவு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை ஆகிய இடங்களிலும் வேறு பல நகரங்களிலும் அரசாங்கத்தின் பாலியல் நோய் சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன. தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் இவை நடக்கின்றன. பரிசோதனையும் மருந்தும் இலவசம். தோட்டத்துக் கடிதமோ வேறு டொக்டரின் துண்டோ தேவையில்லை. உங்கள் விபரத்தை இலக்கம் போட்டு இரகசியமாக வைத்திருப்பார்கள். துரைக்கோ கணக்கப்பிள்ளைக்கோ போகாது. ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பெயரைச் சத்தமாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால், ஒரு கடதாசியில் எழுதிக் காட்டுங்கள். சிங்களம் தெரியாதவர்கள் அதை முதலிலேயே பிள்ளைகளிடமோ மிஸ்ஸியிடமோ சிங்களத்தில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

கணவனும் மனைவியும் சேர்ந்தே போவது நல்லது. ஒருவர் மருந்தெடுத்து மற்றவர் எடுக்காவிட்டால் சிபிலிஸ் திரும்ப வரும். அவர் கொழும்பில் இருந்தால், மருதானைப் பக்கம் கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் உள்ள மத்திய நிலையத்துக்கு அவர் போகலாம்; நீங்கள் இங்கே போகலாம். அரைப்பேரோ முழுப்பேரோ போகத்தான் செய்யும். ஆகவே போகும் முன் கிளினிக் எந்த நாள், எத்தனை மணிக்கு என்று மிஸ்ஸியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் கர்ப்பிணி அட்டையைக் கையோடு கொண்டுபோக வேண்டும். முன்பே இரத்தம் எடுத்திருந்தால் அதன் முடிவு அதில் எழுதியிருக்கும்.